கணக்கர் கையில் பிறந்த பொன்னெழுத்து: கல்யாணப் பத்திரிகை வடிவமைப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

சென்னை ஆண்டர்சன் தெருவிலும் சிவகாசியிலும், ஊருக்கு ஊர் பேருந்து நிலையத்தை ஒட்டிய டிடிபி கடைகளிலும் கணினி முன் உட்கார்ந்து கல்யாணப் பத்திரிகை வடிவமைக்கும் உங்கள் எல்லோருக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன். ஆவணி பிறந்துவிட்டால் உங்களுக்கு இரவு பகல் கிடையாது. முகூர்த்தத் தேதியைச் சொல்லிக்கொண்டே வாடிக்கையாளர் தோளுக்குப் பின்னால் நிற்பார். அதனால் ஓய்வு கிடைக்கும் ஒரு மாதத்தில் படித்தால் போதும்.

பத்திரிகையின் ஆங்கிலப் பக்கத்தில் மணமக்களின் பெயருக்கு மட்டும் ஓர் எழுத்து போடுகிறீர்கள். சாய்ந்திருக்கும், சுழித்திருக்கும், ஒன்றோடொன்று கைகோத்துக்கொண்டு போகும். கடையில் அதற்கு ‘ஸ்கிரிப்ட்’ என்று பெயர். எட்வர்டியன் ஸ்கிரிப்ட், பேலஸ் ஸ்கிரிப்ட், ஆப்பிள் கணினி என்றால் ஸ்னெல் ரவுண்ட்ஹேண்ட், சாஃபினோ. எனக்கு இந்த எழுத்துகளின் மேல் தீராத பிரியம் உண்டு. பல வருடங்களாக வீட்டுக்கு வரும் பத்திரிகை ஒன்றையும் நான் தூக்கிப் போட்டதில்லை. அந்தப் பிரியத்தால்தான் சொல்கிறேன்: அவற்றில் பாதிக்குமேல் பெண்ணின் பெயரையோ மாப்பிள்ளையின் பெயரையோ ஒரே மூச்சில் படிக்க முடியவில்லை. அழகுக்கான எழுத்துதானே, படிக்க முடியாவிட்டால் என்ன என்று சிலர் கேட்கிறார்கள். அந்தக் கேள்வியை நான் ஏற்கவில்லை. இது படிப்பதற்கென்றே பிறந்த எழுத்து.

ஸ்னெல் ரவுண்ட்ஹேண்டையே எடுத்துக்கொள்வோம். அதில் இருப்பது சார்லஸ் ஸ்னெல் என்பவரின் பெயர். லண்டனில் எழுத்துப் பள்ளி நடத்தியவர், 1733-ல் இறந்தார். அந்தக் காலத்து இங்கிலாந்தில் வணிகம் பெருகப் பெருக, கடிதம் எழுதவும் பேரேடு பதியவும் கை பழகிய ஆட்கள் ஏராளமாகத் தேவைப்பட்டார்கள். அவர்களைப் பழக்கியவர்கள் ஸ்னெல் போன்ற எழுத்தாசிரியர்கள். அவர்கள் கற்றுக்கொடுத்த கையெழுத்துதான் ரவுண்ட் ஹேண்ட். வேகமாக எழுத வேண்டும், பேனாவை அடிக்கடி தூக்கக் கூடாது, வேறு ஊரில் இருக்கும் இன்னொரு குமாஸ்தா தயங்காமல் படிக்க வேண்டும். இந்த மூன்று தேவைகளும் சேர்ந்துதான் அந்த எழுத்தின் வடிவத்தைத் தீர்மானித்தன. நம் ஊருக்கும் அது அப்போதே வந்துவிட்டது. கிழக்கிந்தியக் கம்பெனியில் புதிதாகச் சேரும் இளைஞனின் பதவிக்குப் பெயரே ‘ரைட்டர்’. புனித ஜார்ஜ் கோட்டையில் அவர்கள் எழுதிக் குவித்த ஏடுகள் இன்றும் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

ஸ்னெல் வெறும் எழுத்தாசிரியர் மட்டுமல்ல, கணக்கரும்கூட. 1720-ல் தென்கடல் கம்பெனியின் பங்குகள் வானுக்கு ஏறித் தரையில் விழுந்து இங்கிலாந்தையே உலுக்கின. அந்த விவகாரத்தில் அடிபட்ட சாபிரிட்ஜ் நிறுவனத்தின் கணக்குப் புத்தகங்களை ஆராய்ந்து 1721-ல் அறிக்கை எழுதியவர் இதே ஸ்னெல்தான். அறிக்கையில் தன்னை எழுத்தாசிரியர், கணக்கர் என்றுதான் குறித்துக்கொண்டார். தணிக்கைத் துறையின் வரலாற்றை எழுதுபவர்கள் இன்றும் அதை எடுத்துப் பேசுகிறார்கள். எழுத்திலும் அவர் கறார்தான். ரவுண்ட் ஹேண்டுக்கு அளவு, விகிதம், சாய்வு எல்லாவற்றையும் விதிகளாக வகுத்து 1714-ல் புத்தகம் போட்டார். தேவையில்லாத சுழிப்பு அவருக்குப் பிடிக்காது. அதற்காகச் சக ஆசிரியர்களோடு அச்சில் சண்டையே போட்டிருக்கிறார். நாம் பொன் நிறத்தில் அடிக்கும் கல்யாண எழுத்து, ஆடம்பரத்தை வெறுத்த ஒரு தணிக்கையாளரின் கையிலிருந்து வந்தது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு அதை என்னால் வெறும் அலங்காரமாகப் பார்க்க முடியவில்லை.

அந்தக் கை எப்படி வேலை செய்தது என்பதையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். உங்கள் திரையில் செய்யும் ஒவ்வொரு மாற்றமும் அதைத் தொட்டுவிடும். கூராகச் சீவிய பறவை இறகு. கீழே இழுக்கும்போது லேசாக அழுத்தினால் முனை பிளந்து கோடு தடிக்கும். மேலே ஏறும்போது அழுத்தம் இல்லாமல் விட்டால் மயிரிழை மட்டும் விழும். தடிப்பும் மெலிவும் இப்படி மூச்சு மாதிரி மாறி மாறி வருவதுதான் இந்த எழுத்தின் உயிர். இரண்டு எழுத்துகளைச் சேர்ப்பது எப்போதும் அந்த மயிரிழைதான். சாய்வு கிடைக்கோட்டிலிருந்து ஏறக்குறைய 55 பாகை. மாணவர்களுக்கு மாதிரி காட்டும் புத்தகங்களைச் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சடித்தார்கள். தகட்டைச் செதுக்கும் உளி இறகைவிட மெல்லிய கோடு போடும் என்பதால் மயிரிழை இன்னும் மெலிந்தது. இந்த எழுத்துக்குப் பிற்காலத்தில் ‘காப்பர்பிளேட்’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டதும் அதனால்தான். ஜார்ஜ் பிக்ஹாம் 25 எழுத்தாசிரியர்களின் கையைச் செதுக்கி, 1733 முதல் 1741 வரை பகுதி பகுதியாக வெளியிட்ட ‘தி யூனிவர்சல் பென்மேன்’ தொகுப்பில் 212 தகடுகள் உண்டு. இன்றைய ஸ்கிரிப்ட் எழுத்துருக்களில் ஒரு பெரிய கூட்டத்துக்கு அதுதான் பாட்டன் வீடு.

தகட்டில் சுலபமாக வந்தது ஈய அச்சில் வரவில்லை. ஈய எழுத்து ஒரு செவ்வகக் கட்டையின் மேல் உட்கார்ந்திருக்கும். சாய்ந்த எழுத்தை நிமிர்ந்த கட்டையில் ஏற்றினால் தலையும் வாலும் கட்டைக்கு வெளியே நீட்டிக்கொள்ளும். அழுத்தம் பட்டால் உடையும். கட்டைக்குள்ளேயே அடக்கினால் எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே இடைவெளி விழுந்து இணைப்பு அறுந்துபோகும். பிரான்சில் ஃபிர்மேன் திதோ 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டையையே சாய்வாக வார்த்துப் பார்த்தார். நேர்த்தியான வேலை, அதைக் கோக்கிறவருக்குத்தான் பாடு.

இந்தச் சிக்கலை அவிழ்த்தது ஒளியச்சு. மேத்யூ கார்ட்டர் 1937-ல் லண்டனில் பிறந்தவர். ஹாலந்தில் ஹார்லெம் நகரத்து என்ஷெடே அச்சகத்தில், எஃகில் எழுத்து வெட்டும் பழைய கைவேலையை இளம் வயதிலேயே கற்றவர். 1965-ல் நியூயார்க்கில் லினோடைப் நிறுவனத்துக்கு வந்தார். ஒளியச்சில் எழுத்து என்பது படச்சுருளில் உள்ள நிழல்தான், கட்டையே கிடையாது. ஓர் எழுத்து இன்னோர் எழுத்தின் இடத்துக்குள் தாராளமாக நுழையலாம். ஈயத்தால் முடியாத எதை இந்தப் புது எந்திரத்தால் செய்ய முடியும் என்று தேடியபோது கார்ட்டர் கண்டுகொண்டது ஸ்னெல்லின் 1694-ஆம் ஆண்டுப் புத்தகத்துக் கையெழுத்தை. ஒவ்வோர் எழுத்தின் வாலும் அடுத்த எழுத்தின் உடம்பில் மிகச் சரியாகப் போய் ஒட்டும்படி வரைந்தார். 1966-ல் ஸ்னெல் ரவுண்ட்ஹேண்ட் வந்தது. பிற்காலத்தில் கணினித் திரைக்காக வெர்டானாவையும் ஜார்ஜியாவையும் வரைந்தவரும் இவரே. நான் பார்த்தவரையில், இணையும் ஸ்கிரிப்ட்களில் இதைவிடக் கட்டுப்பாடான ஒன்று இல்லை. பெரிய எழுத்துகள்கூட ஓரளவுக்கு மேல் சுழிக்க மறுக்கின்றன. ஸ்னெல் பார்த்திருந்தால் ஒப்புக்கொண்டிருப்பார் என்றே நினைக்கிறேன்.

இப்போது உங்கள் மேசைக்கு வருகிறேன்.

முதலில் இனிஷியல். ஆங்கிலேயர்களின் அழைப்பிதழில் பெயர் முழுதாக இருக்கும். ஒரு பெரிய எழுத்து, பின்னால் சின்ன எழுத்துகளின் வரிசை. ஸ்கிரிப்டின் பெரிய எழுத்துகள் அந்த ஒற்றைத் தலைமைக்காகவே வரையப்பட்டவை. நம் பெயர்களில் முன்னால் இரண்டு இனிஷியல், பின்னால் படிப்பு. பி.இ., எம்.பி.ஏ., எம்.பி.பி.எஸ். இவ்வளவையும் ஸ்கிரிப்டின் பெரிய எழுத்துகளில் போட்டால் ஐந்தாறு தலைவர்கள் ஒரே நாற்காலியில் உட்காரப் பார்ப்பார்கள். ஒவ்வொன்றின் சுழியும் பக்கத்து எழுத்தின் வயிற்றில் குத்தும். எஸ் எது, எல் எது, ஜே எது என்று தெரியாது. பெயரை மட்டும் ஸ்கிரிப்டில் விடுங்கள். இனிஷியலையும் பட்டத்தையும் நிமிர்ந்த சாதாரண எழுத்தில், சின்னதாக, பெயருக்கு மேலோ கீழோ வையுங்கள். பட்டத்தைச் சின்னதாக்கினால் பெண் வீட்டார் கோபித்துக்கொள்வார்கள் என்று நீங்கள் பயப்படுவது புரிகிறது. இரண்டு மாதிரியையும் அச்செடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் காட்டிப் பாருங்கள். படிக்க முடிகிற பட்டத்தைத்தான் அவர்கள் தேர்ந்தெடுப்பார்கள்.

பெயர் முழுவதையும் பெரிய எழுத்தில் அடிப்பது இதைவிட மோசம். கேப்ஸ் லாக்கை அழுத்திவிட்டு ஸ்கிரிப்டில் அடித்த பெயரை எந்த வாத்தியாரும் படிக்க மாட்டார். ரவுண்ட் ஹேண்டில் பெரிய எழுத்துகள் தங்களுக்குள் இணைவதே இல்லை. அந்த எழுத்து முறையிலேயே அதற்கு இடம் கிடையாது.

அடுத்தது நம் பெயர்களின் தன்மை. ரவுண்ட் ஹேண்டில் ஐ, யு, என், எம் நான்கும் ஒரே இழுப்பின் மடங்குகள். கண்மணி, மீனலோசனி, முனியம்மாள் மாதிரியான பெயர்களை ஆங்கிலத்தில் எழுதினால் அந்த இழுப்பே திரும்பத் திரும்ப வந்து, வெறும் வேலிக்கம்பி போலத் தெரியும். அப்படிப்பட்ட பெயருக்கு எழுத்தின் அளவைக் கூட்ட வேண்டும். அல்லது இணையாத ஸ்கிரிப்டுக்குப் போக வேண்டும். மோனோடைப் கோர்சிவா என்றால் உங்களுக்கு நன்றாகத் தெரியும், பள்ளிச் சான்றிதழ்களில் நிரந்தரக் குடியிருப்பவர். பாட்ரிசியா சாண்டர்ஸ் வரைந்தது. அதன் வம்சம் வேறு. 1520-களில் ரோமில் லுடோவிகோ அர்ரிகி கற்றுக்கொடுத்த, பட்டை முனைப் பேனாவின் எழுத்து. அங்கே தடிப்பு வருவது அழுத்தத்தால் அல்ல, முனையின் அகலத்தால். மயிரிழை அவ்வளவு மெலியாது, எழுத்துகள் கைகோத்துக்கொள்ளாது. அதைப் பழசு என்று ஒதுக்காதீர்கள். சின்ன அளவிலும் நீண்ட வாக்கியத்திலும் பேலஸ் ஸ்கிரிப்ட் கைவிடும் இடத்தில் இது தாங்கும்.

இடைவெளி விஷயத்தில் கெஞ்சியே கேட்கிறேன். பெயர் சின்னதாக இருக்கிறது, வரியை நிரப்ப வேண்டும் என்று எழுத்துகளுக்கு நடுவே இடைவெளி கூட்டாதீர்கள். கார்ட்டர் ஒட்டவைத்த இடமெல்லாம் அறுந்து, ஒவ்வோர் எழுத்தும் வால் ஆடிக்கொண்டு தனியாக நிற்கும். ஓரங்களை நேராக்கக் கோரல் டிரா செய்யும் நீட்டலும் இதே கொலைதான். வளைந்த பாதையில் பெயரை ஏற்றினாலும் இணைப்புகள் விலகும். பக்கவாட்டில் இழுத்து அகலப்படுத்தினால் தடித்த கோடு கூடுதலாகத் தடிக்கும், சாய்வு படுத்துவிடும், மயிரிழை மட்டும் ஏறக்குறைய அப்படியே இருக்கும். எழுத்தின் மூச்சு தப்பிவிடும். வெற்றிடத்தை வெற்றிடமாக விடுங்கள். நல்ல அட்டையில் காலி இடம் குறையல்ல.

சாஃபினோ போடுபவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. ஹெர்மன் சாஃப் 1918-ல் நூரம்பர்க்கில் பிறந்தார். எட்வர்ட் ஜான்ஸ்டன், ருடால்ஃப் கோக் ஆகியோரின் புத்தகங்களை வைத்துக்கொண்டு தானாகவே எழுத்துக் கலையைக் கற்றார். போர்க்காலத்தில் ஜெர்மன் ராணுவத்தில் வரைபடம் எழுதும் வேலை. ஒரு மில்லிமீட்டர் உயர எழுத்தைப் பூதக்கண்ணாடி இல்லாமல் எழுதும் கண் அவருக்கு இருந்தது. 1944-ல் தன் குறிப்பேட்டில் எழுதிப் பார்த்த வடிவங்களை ஈயத்தில் கொண்டுவர முடியவில்லை. அரை நூற்றாண்டு கழித்து, 1998-ல், கணினி அதைச் சாத்தியமாக்கியது. ஒரே எழுத்துக்குப் பல வடிவங்களை அதில் வைத்தார். மனிதக் கை ஒரே எழுத்தை இரண்டு தடவை ஒரே மாதிரி எழுதாது அல்லவா? மேக்கில் அந்த எழுத்துருவின் பெயரையே அந்த எழுத்துருவில் அடித்துப் பாருங்கள். முழுச் சொல்லும் ஒரே சித்திரமாக மாறி நிற்கும். இந்த மாற்று வடிவங்களைத் தேடிப் பயன்படுத்தாமல் முதலில் வருவதை அப்படியே அச்சுக்கு அனுப்பினால், சாஃப் ஐம்பது வருடம் காத்திருந்த காரணத்தையே விட்டுவிடுகிறோம். கோரல் டிராவில் எக்ஸ்6-க்கு முந்தைய பதிப்பு வைத்திருந்தால் அந்த வசதி கிடைக்காது. மேலே கீழே நீளும் சுழிகளுக்கு வரி இடைவெளியும் நிறைய வேண்டும். இல்லாவிட்டால் மேல் வரியில் இருக்கும் ‘சுபமுகூர்த்தம்’ மேல் சாஃபினோவின் வால் போய் ஏறும்.

அச்சு வேலையில் நீங்கள் என்னைவிட அனுபவசாலிகள். இருந்தும் பத்திரிகைகளில் திரும்பத் திரும்பப் பார்ப்பதைச் சொல்கிறேன். சொரசொரப்பான அட்டையில் பொன் ஃபாயில் ஒற்றும்போது மயிரிழை விட்டுவிட்டுத்தான் விழுகிறது. சிவப்பு அட்டையில் வெள்ளை எழுத்தாக விட்டால் மை பரவி அதே மயிரிழையை மூடிவிடுகிறது. நான்கு வண்ணக் கலவையில் அடித்தால் இம்மி விலகலும் மெல்லிய கோட்டில் பேயாகத் தெரிகிறது. பெயருக்கு ஒற்றை வண்ணமே நல்லது. ஸ்னெல்லில் போல்ட், பிளாக் என்று தடித்த வடிவங்கள் இருக்கின்றன. ஃபாயில் வேலைக்கு அவற்றைத் தயங்காமல் எடுங்கள். மெல்லிய வடிவத்துக்கு வெளிக்கோடு கொடுத்து நீங்களே தடிமனாக்கினால் தடிப்புக்கும் மெலிவுக்கும் உள்ள விகிதம் போய்விடும். லேசர் கட் வேலைக்கும் அச்சு பிளாக் தயாரிப்புக்கும் எழுத்தை வளைகோடாக மாற்றும்போது ‘கம்பைன்’ கொடுக்காதீர்கள். எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடங்களில் ஓட்டை விழும். ‘வெல்டு’ கொடுத்தால்தான் இணைப்பு உண்மையிலேயே இணைப்பாகும். வாட்ஸ்அப்பில் போகும் பத்திரிகைக்கு இன்னும் தடித்த வடிவம் வேண்டும். படத்தைச் சுருக்கும்போது முதலில் காணாமல் போவது மயிரிழைதான். தேதி, நேரம், மண்டப முகவரி, தொலைபேசி எண் எதுவும் ஸ்கிரிப்டில் வேண்டாம். வெளியூரிலிருந்து ஆட்டோவில் வரும் தாத்தா அதைக் கையில் பிடித்துக்கொண்டுதான் வழி கேட்பார்.

தமிழ்ப் பக்கத்துக்கு வருகிறேன். இங்கேதான் மனசு அதிகமாக வலிக்கிறது. ஆங்கிலப் பக்கத்துக்கு ஈடாக இருக்கட்டும் என்று சாதாரணத் தமிழ் எழுத்துருவை எடுத்து, கணினியில் சாய்த்து, நிழல் கொடுத்து, அதையே அலங்காரம் என்கிறோம். நம் எழுத்து இறகில் வளரவில்லை. ஓலையில் எழுத்தாணியால் கீறி வளர்ந்தது. ஓலையை நரம்போடு நேராகக் கீறினால் கிழியும் என்பதால் வளைவு பெருகியது. எழுத்தாணியை அழுத்தினாலும் கோடு அகலமாகாது. அதனால் தடிப்பும் மெலிவும் அந்தக் கையில் கிடையாது, எழுத்துகள் ஒன்றோடொன்று கைகோப்பதும் இல்லை. அதன் அழகு முழுக்க முழுக்க வளைவில், சுழியில், அகலங்களின் ஏற்ற இறக்கத்தில் இருக்கிறது. அந்த உடம்புக்கு ரவுண்ட் ஹேண்டின் 55 பாகைச் சாய்வைச் சட்டையாகப் போட்டால் கையும் காலும் வெளியே நிற்கும். பெயரை ஆங்கிலத்தில் ஸ்கிரிப்டில் வைத்தீர்களென்றால், தமிழை நிமிர்ந்த, தெளிவான எழுத்தில் அதைவிடச் சற்றுப் பெரிதாக வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே தாளில் ஒன்றையொன்று மதிக்கும்.

தமிழுக்கே உரிய அலங்கார எழுத்து வேண்டாமா என்றால், கட்டாயம் வேண்டும். அதற்கான சரக்கு நம் வீட்டுப் பரணிலேயே கிடக்கிறது. 1978-ல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்கும் வரைக்கும் ணை, லை, ளை, னை ஆகியவற்றுக்கு யானைத் துதிக்கை போல ஒரு கொம்பு இருந்தது. ணா, றா, னா மூன்றும் கால் தனியாக நிற்காமல் எழுத்தோடு சேர்ந்தே சுழித்தன. தட்டச்சுக்கும் அச்சுக் கோப்புக்கும் பாடநூலுக்கும் சீர்திருத்தம் செய்த உதவி பெரிது. அதை மாற்றச் சொல்லவில்லை. ஆனால் மணமகன் பெயர் அண்ணாமலை என்று வையுங்கள். பழைய வடிவில் அந்தப் பெயரில் ஒரு சுழித்த ணா, ஒரு துதிக்கை லை, இரண்டும் கிடைக்கும். இதற்குமேல் அலங்காரம் எதற்கு? மீனாட்சிக்கு ஒரு னா உண்டு. பழைய வடிவங்களை எழுத்துருவுக்குள் மாற்று வடிவங்களாக வைத்துவிட்டால் அடிக்கும் எழுத்து மாறாது, யுனிகோடு குழம்பாது, விரும்பும் இடத்தில் தோற்றம் மட்டும் மாறும். சாஃபினோவில் செய்திருப்பதும் இதே வேலைதான்.

எழுத்துரு செய்பவர்களும் உங்களில் இருப்பீர்கள். இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸ் உருவாக்கிய கவிவாணரைப் பாருங்கள். கூகுள் ஃபான்ட்ஸில் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் தமிழ் சாய்ந்திருக்கிறது. ஆனால் கணினி தள்ளிய சாய்வல்ல, கை எழுதிய சாய்வு. வித்தியாசம் முதல் பார்வையிலேயே தெரியும். அந்தத் திசையில் இன்னும் பத்து எழுத்துருக்கள் வரலாம். வாரப் பத்திரிகைகளில் தொடர்கதைத் தலைப்புகளை ஓவியர்கள் கையால் எழுதிய காலத்து இதழ்களைப் புரட்டினால் ஒவ்வொரு தலைப்பும் ஓர் எழுத்துருவுக்கு விதை. ஆங்கில எழுத்துருக்காரர்கள் தங்கள் 1694-ஐயும் 1733-ஐயும் தேடிப் போனதைப்போல நம்மவர்கள் அந்தப் பக்கங்களைத் தேடிப் போக வேண்டும்.

ஒரே ஒரு வேண்டுகோளைச் செயலாகவே கேட்கிறேன். வரும் தை முகூர்த்தங்களுக்கு மாடல் ஆல்பம் தயாரிக்கும்போது அதில் ஒரு பக்கத்தை ஒதுக்குங்கள். இடப்பக்கம் ஸ்னெல்லிலோ கோர்சிவாவிலோ பெயர் மட்டும், இனிஷியலும் பட்டமும் நிமிர்ந்த எழுத்தில். வலப்பக்கம் அதே பெயர் பழைய துதிக்கை லையோடு தமிழில். எழுத்துரு கிடைக்காவிட்டால் கையால் எழுதி ஸ்கேன் செய்தாலும் போதும். கணினித் திரையில் காட்டாதீர்கள். அச்சாகப் போகும் அதே அட்டையில், அதே அளவில் எடுத்து, வாடிக்கையாளரோடு வந்திருக்கும் பெரியவர் யாரோ அவர் கையில் கொடுத்து வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். அவர் எங்கே தடுக்குகிறாரோ அந்த எழுத்தைத் திருத்திவிட்டு, பிறகு அச்சு பிளாக் செய்ய அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் பத்திரிகைகளைச் சேர்த்து வைத்திருக்கும் ஒரு வாசகர்